ஓட்டுப் போட்ட பிறகும் கேட்கலாமா? கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், பல்லடம், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் மனு எழுத உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டுவிட்டு, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். எந்தக் கட்சியையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. யார் ஆண்டாலும் படிவமும் காலக்கெடுவும் ஒன்றுதான். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஓட்டுப் போட்டு அனுப்பியாச்சு. இனி அஞ்சு வருசம் அவர்தானுங்களே ராஜா? நடுவுல கேக்க நமக்கு என்ன உரிமை இருக்குதுங்க?

சட்டமன்ற உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ பதவிக் காலத்தின் நடுவில் வாக்காளர்களே திரும்ப அழைக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஊராட்சித் தலைவரை நீக்குவதற்கு 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த நடவடிக்கையைத் தொடங்கும் பொறுப்பு ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறதே தவிர, கிராம சபையிடம் இல்லை. ஆகவே "பதவியை விட்டு இறக்கிவிடுவோம்" என்று டீக்கடையில் பேசுவது பேச்சோடு நின்றுவிடும்.

கணக்குக் கேட்கும் உரிமைக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் கிடையாது. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் கேட்கலாம். எந்த அரசு அலுவலகத்தின் கோப்பையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வேட்பாளராக நின்றவர் தாக்கல் செய்த சொத்து விவரத்தையும் தேர்தல் செலவுக் கணக்கையும் பார்க்கலாம். அவருக்கு ஓட்டுப் போட்டவராக இருக்க வேண்டும் என்பதோ, ஓட்டே போட்டிருக்க வேண்டும் என்பதோ இவற்றில் எதற்கும் நிபந்தனை இல்லை.

எங்கூர் ரோடு மூணு வருசமா பள்ளமும் மேடுமா கெடக்குது. எம்.எல்.ஏ.வைக் கேக்கறதா, தலைவரைக் கேக்கறதா, கலெக்டரைக் கேக்கறதா?

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குள் இருக்கும் தெரு பெரும்பாலும் ஊராட்சியுடையது. இரண்டு ஊர்களை இணைப்பது ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கலாம். பேருந்து ஓடும் தார்ச்சாலை பல இடங்களில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ஒரே நாற்சந்தியில் மூன்று அலுவலகங்களின் சாலைகள் சந்திப்பதும், ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டுவதும் இங்கே அன்றாடக் காட்சி.

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. அவர்கள் பரிந்துரைக்கும் வேலையை மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றுகிறது. எனவே எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது "எந்த வேலையைப் பரிந்துரைத்தீர்கள்?" என்பது, அதிகாரியிடம் கேட்க வேண்டியது "அந்த வேலை என்னவாயிற்று?" என்பது.

திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுத்தா ஏதாச்சும் நடக்குமா? இல்ல எல்லாம் கண்துடைப்புத்தானுங்களா?

மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுக்கும் மனு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே திரும்ப அனுப்பப்படுகிறது என்பது உண்மைதான். யார்மீது குறை சொன்னோமோ அவர் மேசைக்கே அது போய்ச் சேர்வதும் உண்டு. ஆயினும் மனு எண் பதிவாகிய ரசீது உங்கள் கையில் இருக்கும் என்பதால், அந்த ஒரு காரணத்துக்காகவே மனுக் கொடுக்கச் சொல்கிறேன். "இந்தத் தேதியில் கொடுத்த இந்த எண்ணுள்ள மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று பின்னர் தகவல் கேட்க அந்த ரசீதுதான் அடிப்படை. ரசீது வாங்காமல் நேரில் சொல்லிவிட்டு வந்த குறைக்கு எந்த அலுவலகத்திலும் தடயம் இராது.

தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கறதுக்கு வக்கீல் வேணுமுங்களா? என்ன எழுதோணும்?

வக்கீல் தேவையில்லை. 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை; அலுவலகத்தில் யாரேனும் காரணம் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. முகவரி தவறாகிவிட்டாலும் மனு வீணாகாது. உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில்தான். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதினால், விளக்கம் சொல்ல இச்சட்டத்தில் இடமில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள், சட்டப்படி அது சரியும்கூட. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு கான்கிரீட் சாலை என்றால் இப்படி எழுதலாம்: "மேற்படி பணிக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை."

இவற்றுள் அலுவலகத்தில் எம்-புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி. எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று பொறியாளர் அளந்து கையொப்பமிட்டிருப்பார். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டேப்புடன் தெருவில் நின்றால், மேடைப் பேச்சால் ஆகாதது ஆகிவிடும். நீளத்தில் யாரும் பெரிதாக ஏமாற்றுவதில்லை. கனத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் ஓரத்தில் பார்த்தால் போதாது, நடுவிலும் பார்க்க வேண்டும். பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளும் உரிமையும் இதே சட்டத்தில் உண்டு என்பது பலருக்கும் தெரிவதில்லை.

முப்பது நாள் தாண்டிருச்சுங்க. பதிலே வரலை. இன்னொருத்தருக்கு "கோப்பு கிடைக்கவில்லை"னு வந்திருக்குது.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்ப வேண்டும். அவரும் கைவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, அவர் சொந்தப் பணத்திலிருந்து தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர் முதல் மனுவோடு சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள், அலுவலகங்களும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன.

"கோப்பு கிடைக்கவில்லை" என்பது சட்டம் அனுமதிக்கும் விலக்குகளுள் ஒன்று அன்று. அந்தப் பதிலே ஒரு நல்ல ஆவணம். பொதுப்பணம் செலவான கோப்பு காணாமற்போயிருப்பதை அலுவலர் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். முதல் மேல்முறையீட்டில் அதை இணைத்து, கோப்பு கடைசியாக யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கான பதிவேட்டு நகலைக் கேளுங்கள். தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இப்போது கூடியிருக்கிறது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை விரிவாக்கியதே காரணம். பொதுநலன் மேலோங்கும்போது தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருப்பதால், அதைக் குறிப்பிட்டு வாதிடலாம்.

கிராம சபைக்குப் போனா நோட்டுல கையெழுத்து வாங்கீட்டு, டீயும் வடையும் குடுத்து அனுப்பிச்சிடறாங்க. அங்க என்னத்தைக் கேக்கறது?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் 2022-இல் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆகியிருக்கின்றன. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பு உண்டு. அவ்வளவு பேர் வராத கூட்டத்தில் நிறைவேறியதாகச் சொல்லப்படும் தீர்மானம் செல்லாது. அந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் டீயும் வடையும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே மரத்தடிக்கு அழைத்துவந்து கையெழுத்து வாங்குவதும் அதற்காகத்தான்.

அங்கே கேட்க வேண்டிய முதல் தாள் படிவம் 30, அதாவது ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை. அதைக் கூட்டத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தெருவிளக்கு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்று இனங்களை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் விளக்கு எரிகிறது, எந்த மோட்டார் எத்தனை முறை பழுதானது என்பது கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் கேள்வி தானாக எழும்.

கேட்க விரும்புவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தீர்மானமாக ஏற்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டால், நீங்கள் கேள்விப்பட்டே இராத தீர்மானத்துக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். மதுக்கடையையோ கல்குவாரியையோ எதிர்த்துப் போடும் தீர்மானத்தால் மறுநாளே கடை மூடப்படாது என்றாலும், நீதிமன்றம் போகும்போது ஊரின் எதிர்ப்புக்குச் சான்றாக அது நிற்கும். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் கிராம சபை இல்லை. அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான்.

இப்போ தலைவரே இல்லீங்களே, தனி அலுவலர்தானே இருக்கறாரு? அவரைக் கேக்க முடியுமுங்களா?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் எல்லாம் அவற்றுள் அடக்கம். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் ஊராட்சியின் வாக்காளர்களே. மேலே சொன்ன அத்தனை கேள்விகளையும் தனி அலுவலரிடம் கேட்கலாம். ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-உ பிரிவு சொல்கிறது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு என்று எந்தக் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டாலும், அதற்குப் பொறுப்பு மாநில அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமும்தான். உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுபவர்களைப் பார்க்கிறேன்; அது அவர்கள் வேலை அன்று.

தலைவர் அந்தம்மாதான். ஆனா செக்குல இருந்து மேடை வரைக்கும் எல்லாமே அவங்க வூட்டுக்காரர்தான். இதைக் கேக்கலாமுங்களா?

கேட்கலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது அவர்கள் நிர்வகிப்பதற்காக. கூட்ட நடவடிக்கைகளில் கணவர் தலையிட்டால் அதைத் தேதியோடு எழுதி ஆட்சியருக்கு மனுவாகக் கொடுங்கள். தலைவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, வேறு சமூகத்தார் அவரைப் பணி செய்யவிடாமல் மிரட்டினாலோ தடுத்தாலோ விஷயம் மிகக் கடுமையானது: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் கீழ் அது குற்றம். நாற்காலி தராமல் நிற்கவைப்பதையும், கொடியேற்ற விடாமல் தடுப்பதையும் "ஊர் வழக்கம்" என்று பூசி மெழுகுபவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். வழக்கம் என்ற சொல்லுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது.

ஊரு கூடி ஒருத்தரையே ஏகமனதா நிறுத்தினோம். கோயிலுக்குப் பணம் கட்டறேன்னாரு. சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சுது. இதுல என்னங்க தப்பு?

ஒருவரே மனுச் செய்து போட்டியின்றித் தேர்வாவதில் தவறில்லை. பணத்துக்காக மற்றவர்கள் விலகினால் அது ஏலம். நிற்காமல் இருப்பதற்கும் மனுவைத் திரும்பப் பெறுவதற்கும் பணமோ பொருளோ கொடுப்பது, ஓட்டுக்குக் கொடுப்பதைப் போலவே லஞ்சம். பணம் சாமி உண்டியலுக்குப் போனாலும் கணக்கு அதுவே. கோபுரத்துக்கு வர்ணம் பூச முன்பணம் கொடுத்தவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதற்கு, எம்-புக் பற்றிய மேற்கண்ட பதிலைப் படித்துக்கொள்ளலாம்.

நிக்கறவர் மேல கேஸ் இருக்குதா, சொத்து எவ்வளவுன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கறது?

சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரத்தில் நிலுவையிலுள்ள வழக்குகள், தண்டனைகள், தம்முடைய சொத்து, கடன், மனைவி அல்லது கணவர் சொத்து, கல்வி ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை இது. பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. குற்ற வழக்கு உள்ளவர்கள் அதை நாளிதழ்களிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும்.

அந்தப் பத்திரத்தைத் தனியாகப் படிப்பதைவிட, அதே ஆள் முந்தைய தேர்தலில் கொடுத்த பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் படிப்பது பயன் தரும். சர்வே எண்ணோடு இருந்த ஒரு தோட்டம் இந்த முறை காணாமற்போயிருக்கலாம். தேர்தல் நடத்தும் அலுவலர் பத்திரத்திலுள்ள செய்தி மெய்யா பொய்யா என்று விசாரிப்பதில்லை. ஆனால் அதை மறுத்து நீங்கள் தாக்கல் செய்யும் எதிர் உறுதிமொழிப் பத்திரத்தையும் மக்கள் பார்வைக்கு வைப்பார். பொய்த் தகவலுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

ஓட்டுக்குப் பணம் வாங்கறது என்மேலயும் குத்தமா? நான் கேக்கலை, வூட்டுல வந்து வெச்சுட்டுப் போறாங்க.

கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் ஓராண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. நடைமுறையில் வாங்கியவர்கள்மீது வழக்குத் தொடர்வது மிக அரிது. வைத்துவிட்டுப் போனவரைப் பற்றி 1950 என்ற எண்ணுக்கோ தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலோ தெரிவிக்கலாம். பெயர் சொல்லாமலும் அந்தச் செயலியில் புகார் தரலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. நிகழும் இடத்திலேயே செயலியைத் திறந்து படம் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றினால் ஏற்காது.

பணம் கொடுத்ததற்காகவே ஒரு சட்டமன்றத் தேர்தல் ரத்தாகும் என்பதை நாட்டுக்கே முதலில் காட்டியவை, நம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும்தான். 2016 மே மாதம் முதலில் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்த தேர்தல் ஆணையம், பின்னர் அறிவிப்பையே ரத்து செய்தது. நவம்பர் 19-இல் மறுபடி தேர்தல் நடந்தபோது அரவக்குறிச்சியில் முதன்மைக் கட்சிகள் இரண்டும் அதே வேட்பாளர்களையே நிறுத்தின. தேர்தலை ரத்து செய்யலாம், ஆனால் நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லாத வரை ஆளைத் தடுக்க முடியாது. அந்த ஆறு மாதமும் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லாமற்போனதுதான் மிச்சம் என்று அங்கே அப்போது பலர் நொந்துகொண்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

சனிக்கெழமை வாரச் சம்பளம் குடுக்கக் கொண்டுபோன காசைப் பறக்கும் படை பிடிச்சுக்கறாங்க. மாடு வித்த காசையும் பிடிக்கறாங்க. பெரிய பணமெல்லாம் எப்படிங்க போகுது?

தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்பவர்கள் அதற்கான சான்றைக் காட்ட வேண்டும். பனியன் கம்பெனிக்காரர் என்றால் வங்கியில் எடுத்த சீட்டும் சம்பளப் பட்டியலும், சந்தையில் மாடு விற்றவர் என்றால் சந்தைச் சீட்டும், மஞ்சள் விற்றவர் என்றால் மண்டிப் பட்டியலும் வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்த பணத்துக்கு ரசீது தர வேண்டியது அவர்கள் கடமை. கட்சிக்கோ வேட்பாளருக்கோ தொடர்பில்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிட்டுத் திரும்பப் பெறலாம். தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய பணத்தைப் பற்றிய சந்தேகம் இங்கே எழுவதற்குக் காரணம் உண்டு. 2016 மே மாதம், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, திருப்பூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிய தன் பணம் என்று பாரத ஸ்டேட் வங்கி சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் சிபிஐ விசாரணை நடந்தது. அதிகாரிகள் நிறுத்திச் சோதித்ததால்தான் அந்தக் கேள்வியே வெளியே வந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டியல்ல பேரே இல்லீங்க. போன தேர்தல்ல போட்டனே!

2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. வேலைக்காகத் திருப்பூருக்கு வந்து, வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் இதில் சிக்கல் அதிகம். பெயர் இல்லாதவர் படிவம் 6, முகவரி மாறியவர் படிவம் 8, தவறான பெயரை ஆட்சேபிப்பவர் படிவம் 7 கொடுக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒருவரின் பெயரை அவருக்கு வாய்ப்பளிக்காமல் நீக்கக் கூடாது. பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும், பின்னர் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். வேண்டாதவர்களின் பெயரைப் பொய் சொல்லி நீக்கப் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

வாக்குப்பதிவு அன்று சாவடி வாசலில் வந்து சத்தம் போடுவதால் எதுவும் ஆகாது.

மெஷின்ல கோல்மால்னு சொல்றாங்க. எண்ணிக்கையில சந்தேகம்னா யாரு கேக்கறது?

வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் படிவம் 17-சி நிரப்பப்படுகிறது. மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது, எந்த எண்ணுள்ள இயந்திரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேட்பாளர்களின் முகவர்களுக்கு அதன் நகல் தரப்படும். எண்ணும் நாளில் அந்த எண்ணோடு ஒத்துப்பார்ப்பதுதான் அடிப்படைச் சோதனை. மாலையில் பசியோடு வீட்டுக்குப் போகும் முகவர் அந்தத் தாளை வாங்காமல் விட்டுவிட்டால், பிறகு எந்தத் தலைவர் பேட்டி கொடுத்தும் பயனில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகள் (விவிபாட்) எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் கட்டணம் கட்டி ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சோதிக்கக் கோரலாம்.

தேர்தல் முடிவையே எதிர்ப்பதானால், முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடர வேண்டும். வேட்பாளர்தான் தொடர வேண்டும் என்பதில்லை. அத்தொகுதியின் எந்த வாக்காளரும் தொடரலாம். 46-ஆம் நாள் எவ்வளவு நல்ல ஆதாரம் கிடைத்தாலும் கதவு மூடியதுதான். சாவடிக் காணொளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிடுவதையும் 2024 டிசம்பரில் திருத்திய விதி கட்டுப்படுத்திவிட்டது. வழக்கு விரைந்து முடியும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்: 2016-இல் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிவான ராதாபுரம் தொகுதியில் 2019-இல்தான் மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அந்த எண்ணிக்கையின் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதிக்க, பதவிக்காலமே முடிந்துபோனது.

நோட்டாவுக்குப் போட்டா, இல்ல ஊரே ஓட்டுப் போடாம இருந்தா பயப்படுவாங்களா? மொடக்குறிச்சி மாதிரி ஆயிரம் பேரு நின்னா?

நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்த இடத்திலுள்ள வேட்பாளரே வென்றவர் ஆவார். புறக்கணிப்பாலும் முடிவு மாறாது. ஆனால் அறிவித்த மறுநாளே வட்டாட்சியர் ஊருக்கு வந்து பேசுவார் என்பதால், எழுத்து மூலம் உறுதி வாங்கும் வாய்ப்பாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

மொடக்குறிச்சிக் கதை இளையவர்களுக்குத் தெரியாது. 1996 சட்டமன்றத் தேர்தலில், தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று உழவர்கள் கூட்டங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, ஈரோடு மாவட்டத்தின் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. நாடே திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத்துக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் தேவை என்றும் ஆனது. உழவர்களின் குறையைவிட, குறை சொன்ன வழியை அடைப்பதில்தான் டெல்லி வேகம் காட்டியது.

குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வேறு பாடம் சொல்கிறது. பல பத்தாண்டுகளாகத் தேர்தல் வாக்குறுதியாகவே இருந்த அதற்காக, 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் நடந்தது. 2019-இல் வேலை தொடங்கி, 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்டது. இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் கேட்பதை மக்கள் நிறுத்தவில்லை. இனி கேட்க வேண்டியது, 1,045 குளம் குட்டைகளில் எங்கள் ஊர்க் குட்டைக்கு இந்த ஆண்டு எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்ற பதிவேடு.

லஞ்சம் கேட்டா எங்க சொல்றது? ஏற்கெனவே குடுத்துட்டா?

லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் இருக்கிறது. கேட்டவுடன், கொடுப்பதற்கு முன் போனால் ரசாயனம் தடவிய நோட்டுகளுடன் பொறி வைத்துக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். கட்டாயத்தால் கொடுத்துவிட்டவர் ஏழு நாளுக்குள் தெரிவித்தால் அவர்மீது குற்றம் வராது. அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோர்மீதான ஊழல் புகாரைத் தமிழ்நாடு லோக் ஆயுக்தாவிடம் அளிக்கலாம். ஆதாரமில்லாத பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதால் ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டு போவது நல்லது.

இதெல்லாம் சரிங்க. பேரு வெளிய தெரிஞ்சா இந்த ஊர்ல நான் பொழைக்க வேண்டாமா?

நியாயமான அச்சம். ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் இயற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. ஆனால் தகவல் கேட்பவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. இந்தியக் குடிமகன் எவரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். கோவையில் வேலை பார்க்கும் மகனோ, சென்னையில் இருக்கும் மச்சானோ கேட்கட்டும். ஒருவர் பத்துக் கேள்வி கேட்பதைவிட, பத்துப் பேர் ஆளுக்கொரு கேள்வி கேட்பது பாதுகாப்பானது. எழுதும்போது ஆளைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். வேலையின் பெயர், தேதி, தொகை போதும். "திருடன்" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்ததாகும்.

கடைசியா, கோர்ட்டுக்குப் போனா விடிவு வருமுங்களா?

நொய்யல் ஆற்றைப் பாருங்கள். உழவர்களின் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமானது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2006-இல் உயர் நீதிமன்றம் கடும் உத்தரவு போட்டது; 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; அப்போதும் நிறைவேறாததால் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டு, 2011 ஜனவரி 28-இல்தான் சாய ஆலைகளை மூடும் உத்தரவு வந்தது. அதனால் பல்லாயிரம் தொழிலாளர்கள் பிழைப்பிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் கடமையைத் தள்ளிப்போட்ட அதிகாரத்தின் கணக்கை அவர்கள் கட்ட நேர்ந்தது.

எனவே நீதிமன்றம் போகலாம், ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. பொதுநல வழக்கில் நீதிபதி முதலில் கேட்பது, "அதிகாரியிடம் மனுக் கொடுத்தீர்களா?" என்பதுதான். திங்கட்கிழமை ரசீது, தகவல் மனுவின் பதில், கிராம சபைத் தீர்மான நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்துவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கப் போங்கள். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்; அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.